அமோனியாவும் மூளைக் கல வீக்கமும்

குடலில் புரதம் சிதையும்போது உண்டாகும் அமோனியாவை ஈரல் யூரியாவாக மாற்றுகிறது; அந்த யூரியா சிறுநீரில் கழிகிறது. சாராயம், கசிப்பு, கொழுப்புப் படிவு, கிருமித்தொற்று என எதனாலாவது ஈரல் கெட்டால் அமோனியா மூளையை எட்டுகிறது.

மூளையில் முழுமையான யூரியாச் சுழற்சி கிடையாது. அங்கே நட்சத்திர வடிவத் துணைக்கலங்களே அமோனியாவைக் குளூட்டமேற்றுடன் சேர்த்து குளூட்டமினாக்குகின்றன. சேரும் குளூட்டமின் நீரை உள்ளிழுக்க, கலம் வீங்குகிறது. நாட்பட்ட ஈரல் நோயில் மயோ இனோசிற்றோலை வெளியேற்றிக் கலம் ஓரளவு சமாளிக்கும். திடீரென ஈரல் செயலிழந்தால் அதற்கு அவகாசமில்லை, மண்டையோட்டுள் அழுத்தம் ஏறி உயிரே போகலாம். குளூட்டமின் இழைமணிக்குள் நுழைந்து மீண்டும் அமோனியாவாகிச் சக்தி உற்பத்தியைக் குலைக்கிறது என்பது 2006இல் அல்பிரெக்ற், நோரன்பெர்க் முன்வைத்த கருதுகோள். மூளையில் லக்ரேற் கூடுவதும் காணப்படுகிறது.

பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுக் குழறுவது முதல் அறிகுறிகள். கையை நீட்டி மணிக்கட்டை மேலே நிமிர்த்தச் சொன்னால் கை சிறகடிப்பதுபோல் துடிக்கும்; அடம்ஸும் ஃபோலியும் 1949இல் இதை விவரித்தனர். இந்த அறிகுறிகளைக் குடிவெறி என்று வீட்டார் விட்டுவிடுவதே பெரிய ஆபத்து.

மலச்சிக்கல், இரத்தக் கசிவு, தொற்று ஆகியவை இந்த மூளைப் பாதிப்பைத் தூண்டும். லக்ருலோஸ் பாணி, ரிஃபக்சிமின் ஆகியவை வழமையான மருந்துகள். பருப்பு போன்ற புரத உணவை நிறுத்தும் பழைய பத்தியம் இன்று ஏற்கப்படுவதில்லை. தசையும் அமோனியாவை அகற்றுவதால் நோயாளி மெலியக்கூடாது.