கிழக்கு ஆப்பிரிக்கப் பொதுச் சந்தையின் இரு பிறவிகள்

கென்யாவும் உகாண்டாவும் தான்சானியாவும் விடுதலை பெறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த நிலப்பரப்பு வணிகத்தால் ஒன்றிணையத் தொடங்கிவிட்டது. மொம்பாசாத் துறைமுகத்தில் 1896-இல் தொடங்கிய இருப்புப்பாதை 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டியது. அதை அமைக்க இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். பாதை நீண்ட வழியெங்கும், பின்னர் பாதை எட்டாத சிற்றூர்களிலும், குஜராத், கட்ச் வணிகர்கள் 'டுக்கா' எனப்பட்ட சிறு கடைகளைத் திறந்தனர். 'அமெரிக்கானி' என்று வழங்கிய வெளுக்காத பருத்தித் துணி, உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகியவற்றை விற்ற அதே கடைக்காரர், உழவர்களிடமிருந்து பருத்தியையும் எள்ளையும் தோலையும் கொள்முதல் செய்தார். அவருக்குக் கைமுதல் குறைவு. மொம்பாசா இறக்குமதியாளர் மொத்த வணிகருக்கும், மொத்த வணிகர் டுக்காக்காரருக்கும் சரக்கைக் கடனாகத் தந்தனர். அறுவடை முடிந்தபின் விளைபொருள் அதே வழியில் கடற்கரைக்குத் திரும்பியபோதுதான் கணக்கு தீர்ந்தது. கட்ச்சிலிருந்து இளவயதில் வந்து 1916-இல் மறைந்த அலிதினா விஸ்ராம், கடற்கரையிலிருந்து உகாண்டா வரை கிளைகளை நிறுவி, கடைகளில் ஈட்டியதை எண்ணெய் ஆலைகளிலும் பஞ்சு அரவை ஆலைகளிலும் முதலீடு செய்தார்.

பிரித்தானிய ஆட்சி இந்த வணிகப் பின்னலுக்குச் சட்ட வடிவம் தந்தது. உறுப்பு நாடுகள் தமக்குள் சுங்கவரியை நீக்கி, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே வரி விதிக்கும் ஏற்பாடே சுங்க ஒன்றியம் எனப்படும்; அது 1917-இல் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே ஏற்பட்டது, இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான டாங்கனிகா 1927-இல் சேர்ந்தது. 1919-இல் நாணய வாரியம் அமைந்தது. அதுவரை புழங்கிய இந்திய ரூபாயின் இடத்தைச் சில ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் பிடித்தது.

சுங்கவரி இல்லாத சந்தையில் தொழிற்சாலை எங்கே அமையும் என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் விடை இல்லை. பிற்காலக் கசப்புகளுக்கெல்லாம் வேர் அந்த இடைவெளியே. முதலீட்டாளர்கள் வங்கி, மின்சாரம், திறன்பெற்ற பணியாளர் ஆகியவை ஏற்கெனவே இருந்த நைரோபியையே நாடினர்; உகாண்டாவும் டாங்கனிகாவும் கென்யப் பொருள்களை வாங்கும் சந்தைகளாகவே நின்றன. 1964-இல் கம்பாலாவில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது: டயர்த் தொழிற்சாலை டாங்கனிகாவுக்கு, மிதிவண்டித் தொழிற்சாலை உகாண்டாவுக்கு, மின்விளக்குத் தொழிற்சாலை கென்யாவுக்கு எனத் தொழில்கள் பங்கிடப்பட்டன. கென்யா அதற்கு இறுதி ஒப்புதல் அளிக்கவில்லை. சில ஆண்டுகளில் நைரோபியில் ஒன்றும் அருஷாவில் ஒன்றுமாக இரண்டு டயர்த் தொழிற்சாலைகள் எழுந்தன. மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றே போதுமானதாக இருந்திருக்கக்கூடிய காலத்தில் முதலீடு இரண்டாகப் பிளந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

1967-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அருஷாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தை உருவாக்கியதோடு, இந்தக் குறையைச் சரிசெய்யவும் முயன்றது. உள்வணிகத்தில் பற்றாக்குறையுற்ற நாடு, பங்காளி நாட்டுத் தொழிற்பொருள்மீது குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு வரி விதித்துத் தன் இளம் தொழில்களைக் காத்துக்கொள்ள அது இடமளித்தது. கிழக்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி தன் முதலீட்டில் 38.75 சதவீதத்தை உகாண்டாவுக்கும், அதே அளவைத் தான்சானியாவுக்கும், 22.5 சதவீதத்தை மட்டுமே கென்யாவுக்கும் அளிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இது நேர்மையான, துணிவான ஏற்பாடு. ஆனால் அதே ஆண்டில் தான்சானியா வங்கிகளை நாட்டுடைமையாக்கிச் சமவுடைமைப் பாதையில் இறங்க, கென்யா தனியார் மூலதனத்தை அரவணைத்தது. 1971-இல் உகாண்டாவில் இடி அமின் ஆட்சியைக் கைப்பற்றியபின் தான்சானிய அதிபர் நியெரேரே அவருடன் ஒரே மேசையில் அமர மறுத்ததால், சமூகத்தின் உச்ச அமைப்பான அதிபர்கள் குழு கூடவே முடியாமற்போயிற்று.

1972 ஆகஸ்டில் ஆசியர்கள் 90 நாள்களில் உகாண்டாவைவிட்டு வெளியேற ஆணையிடப்பட்டபோது, இரண்டு, மூன்று தலைமுறைகளாகக் கட்டிய கடைகளும் ஆலைகளும் கைமாறின. மத்வானி, மேத்தா குடும்பங்களின் சர்க்கரைத் தோட்டங்களும் பறிபோயின. 1977-இல் பொது விமான நிறுவனம் நின்றுபோனது, தான்சானியா கென்ய எல்லையை மூடியது, சமூகமும் சிதைந்தது. எல்லை மீண்டும் திறக்க 1983 வரை ஆயிற்று. சொத்துகளையும் கடன்களையும் பிரிக்கும் உடன்பாடு 1984-இல்தான் கையெழுத்தானது. வளர்ச்சி வங்கி மட்டும் தப்பிப் பிழைத்தது.

சமூகத்துக்கு மறுவாழ்வு தந்து 1999-இல் கையெழுத்தான புதிய உடன்படிக்கையை வகுத்தவர்கள் பழைய வடுக்களை மறக்கவில்லை. 2005-இல் சுங்க ஒன்றியம் தொடங்கியபோது, உகாண்டா, தான்சானியச் சரக்குகள் கென்யாவுக்குள் உடனே வரியின்றி நுழைய, எதிர்த்திசையில் சென்ற கென்யப் பொருள்கள் பலவற்றின்மீதான வரி ஐந்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ருவாண்டாவும் புருண்டியும் 2007-இல் சமூகத்தில் இணைந்தன. மூலதனமும் உழைப்பும் எல்லை கடக்க வழிசெய்யும் பொதுச் சந்தை நெறிமுறை 2010-இல் நடைமுறைக்கு வந்தது. கென்ய வங்கிகள் அண்டை நாடுகளில் கிளை பரப்பின. கென்யாவின் மதுபான நிறுவனம் ஒன்றின் பங்குகள் நைரோபி, கம்பாலா, தார் எஸ் சலாம் ஆகிய மூன்று பங்குச் சந்தைகளிலும் பட்டியலிடப்பட்டன.

வரி மறைந்த இடத்தில் வேறு தடைகள் எழுந்தன. உரிமம், சுகாதாரச் சான்று, தரமுத்திரை ஆகியவற்றின் பெயரால் சரக்கை நிறுத்துவதைப் பொருளியலார் வரிசாராத் தடை என்பர். 2017-இல் கென்யாவிலிருந்து வந்த 6,400 கோழிக்குஞ்சுகளைப் பறவைக் காய்ச்சல் அச்சத்தைக் காரணங்காட்டி நமங்கா எல்லையில் தான்சானிய அதிகாரிகள் எரித்தது அதன் கொடிய வடிவம். மறு ஆண்டே அதே நமங்காவில், இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து சரக்கை ஒருமுறை மட்டும் சோதிக்கும் கூட்டு எல்லைச் சாவடி முறையாகத் திறக்கப்பட்டது.