சீரங்கப்பட்டணம் உடன்படிக்கையும் நான்காம் மைசூர்ப் போரும்: கடுஞ்சமாதானம் மறுபோருக்கு வழிவகுத்த முறை

1792 மார்ச் 18 அன்று கையெழுத்தான சீரங்கப்பட்டணம் உடன்படிக்கை மூன்றாம் மைசூர்ப் போரை முடித்துவைத்தது. மைசூர் அரசர் திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். பெருந்தொகையை இழப்பீடாகத் தர ஒப்பினார். இரு புதல்வர்களைப் பணயமாக அனுப்பினார். ஏழு ஆண்டுகள் கழிந்து, 1799 மே 4 அன்று, தம் தலைநகரான அதே சீரங்கப்பட்டணத்தின் கோட்டையைக் காத்து நின்ற போரில் அவர் உயிர்நீத்தார்.

இந்த நான்காம் மைசூர்ப் போருக்கு இரு வகையான விளக்கங்கள் வழங்கிவருகின்றன. ஆங்கில ஆட்சிக்காலத்து வரலாற்றாசிரியர்கள் திப்புவின் தீராப் பகையையும் பிரெஞ்சு உறவையும் காரணமாகக் காட்டினர். பின்வந்தோர் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் ஆதிக்க வேட்கையைக் காட்டினர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே தனிமனிதரின் மனப்போக்கில் காரணத்தைத் தேடுகின்றன. உடன்படிக்கையின் விதிகளையே கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படுகிறது. அவ்விதிகள் தோற்றவருக்கு வெளித்துணை தேடும் கட்டாயத்தை உண்டாக்கின. வென்றவருக்கு அடுத்த போரை எளிதாக்கின. மீண்டும் ஒரு சமாதானம் பேசும் வாய்ப்பை அடைத்தன.

உடன்படிக்கையின் பின்னணி

1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் திப்பு தாக்கினார். திருவிதாங்கூர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடு. தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் 1790இல் மராத்தியருடனும் ஐதராபாத் நிசாமுடனும் கூட்டணி அமைத்துப் போரில் இறங்கினார். 1791 மார்ச்சில் பெங்களூர் வீழ்ந்தது. ஆனால் அவ்வாண்டு மே மாதம் தலைநகரை நெருங்கிய கம்பெனிப் படை, உணவும் இழுவை மாடுகளும் இன்றித் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. 1792 பிப்ரவரி 6 இரவு நடந்த தாக்குதலுக்குப் பின்னரே திப்பு பணிந்தார்.

மைசூர் அரசை அடியோடு நீக்கும் எண்ணம் கார்ன்வாலிஸுக்கு இல்லை. நாடு பிடிக்கும் திட்டங்களை 1784ஆம் ஆண்டின் பிட் இந்தியச் சட்டம் கண்டித்திருந்தது. மைசூர் மறைந்தால் மராத்தியர் பலம் பெருகும் என்ற கணக்கும் இருந்தது. எனவே மைசூரை விட்டுவைத்து, ஆனால் நலிவுறச் செய்வது என்று முடிவாயிற்று. பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ, அப்போது இளம் அதிகாரி, இந்த முடிவைத் தம் கடிதங்களில் குறைகூறினார். வலிமைச் சமநிலை என்னும் ஐரோப்பியக் கொள்கை இங்கே பயன்படாது என்பது அவர் கருத்து.

விதிகளும் அவற்றின் சுமையும்

பிரிக்கப்பட்ட நிலத்தின் அளவு வருவாயைக் கொண்டு கணக்கிடப்பட்டது. மைசூரின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 237 லட்சம் ரூபாய் எனக் கொள்ளப்பட்டு, அதில் பாதிக்குரிய நிலம் மூன்று கூட்டாளிகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சுமார் 39.5 லட்சம் ரூபாய் வருவாயுள்ள பகுதி கிடைத்தது. கம்பெனியின் பங்கில் மலபார், குடகு, திண்டுக்கல், பாராமகால் ஆகியவை அடங்கின. மராத்தியர் எல்லை துங்கபத்திரை வரை நீண்டது. கடப்பை உள்ளிட்ட பகுதிகள் நிசாமுக்குச் சென்றன.

இழப்பீட்டுத் தொகை மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய். பாதியை உடனே கட்ட வேண்டும். மீதியை, தவணைக்கு நான்கு மாதம் மிகாமல், மூன்று தவணைகளில் தீர்க்க வேண்டும். திப்புவிடம் எஞ்சிய நாட்டின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 118 லட்சம் என்பதால், அந்நாடு மூன்று ஆண்டுகளில் ஈட்டக்கூடிய மொத்த வருவாய்க்கு நெருங்கிய தொகையை ஓராண்டுக்குள் செலுத்த வேண்டியதாயிற்று. கருவூலத்தில் இருந்தது போதாமல், படையினரிடமும் குடிகளிடமும் திரட்டியே இது தீர்க்கப்பட்டது.

தவணை தீரும் வரை அப்துல் காலிக், முயீசுத்தீன் என்னும் இரு சிறுவர்கள் பணயமாக நின்றனர். பிப்ரவரி 26 அன்று யானை மீது வந்த அவர்களைக் கார்ன்வாலிஸ் பீரங்கி மரியாதையுடன் வரவேற்று, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் பரிசளித்தார். பின்னர் அவர்கள் சென்னையில் தங்கவைக்கப்பட்டனர். ராபர்ட் ஹோம் முதலிய ஓவியர்கள் அக்காட்சியைத் தீட்டினர். சிறுவர்கள் கண்ணியமாகவே நடத்தப்பட்டனர். ஆயினும் ஓர் அரசரின் தோல்வி கடல் கடந்தும் காட்சிப்பொருளாயிற்று.

தோற்றவரின் நிலை

திப்பு விதிகளை மீறவில்லை. பணம் முழுவதும் கட்டப்பட்டது. 1794இல் புதல்வர்கள் திரும்பினர். ஆனால் கடனைத் தீர்த்ததனால் அவருக்கு இழந்த நிலம் ஏதும் மீளவில்லை. பழைய நிலையும் கிட்டவில்லை. தென்னிந்திய அரசுகளிடையே நம்பத்தக்க துணையும் அமையவில்லை. உடன்படிக்கையைக் காப்பதால் தோற்றவருக்கு வரக்கூடிய நன்மை எதுவும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அண்டையில் இருந்த மூவரும் அவர் நாட்டைப் பங்கிட்டுக் கொண்டவர்கள். எனவே துணை தேடினால் தொலைவில்தான் தேட வேண்டும். ஆப்கானிய அரசர் ஜமான் ஷாவுக்குத் தூது சென்றது. 1798 ஜனவரியில் இரு தூதர்கள் பிரெஞ்சுத் தீவான மொரீஷியசை அடைந்தனர். அங்கிருந்த ஆளுநர் மலார்த்திக், திப்பு துணை கேட்கிறார் என்ற, மறைவாக வைத்திருக்க வேண்டிய செய்தியை ஜனவரி 30 அன்று பகிரங்க அறிவிக்கையாகவே வெளியிட்டுத் தொண்டர்களை அழைத்தார். ஏப்ரலில் மங்களூரில் வந்திறங்கியவர்கள் ஏறக்குறைய நூறு பேர் மட்டுமே. படை என்ற அளவில் இது பொருட்படுத்தத் தக்கதன்று. சான்று என்ற அளவில் இதைவிட வசதியானது கம்பெனிக்குக் கிடைத்திருக்காது.

வென்றவரின் நிலை

கம்பெனி எடுத்துக்கொண்ட பகுதிகளின் இருப்பிடம் அவற்றின் வருவாயைக் காட்டிலும் முக்கியமானது. பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வட்டாரம். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களின் அடிவாரம் அது. கம்பெனியின் கிழக்குப் பகுதிகளுக்குக் காவலாக அதைக் கேட்டதில் நியாயம் இருந்தது. அலெக்சாண்டர் ரீடும் மன்றோவும் அங்கே நிலவரி அளவீடு செய்து, பின்னர் இரயத்துவாரி எனப் பெயர்பெற்ற முறைக்கு அடியிட்டனர். ஆனால் கணவாய்க்குக் கீழே நிற்கும் காவல், மேலே ஏறுவதற்கான படியும் ஆகும்.

குடகின் நிலை இன்னும் தெளிவானது. குடகு கம்பெனியின் பழைய எல்லையை ஒட்டியதன்று, தலைநகருக்கு மிக அருகில் உள்ளது என்று திப்பு கடுமையாக மறுத்தார். முற்றுகையை மீண்டும் தொடங்குவதாகக் கார்ன்வாலிஸ் எச்சரித்த பின்னரே அவர் இணங்கினார். அந்த மறுப்பு வீண் பிடிவாதமன்று என்பதை 1799 மெய்ப்பித்தது. அவ்வாண்டு ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு, பாராமகாலின் இராயக்கோட்டை வழியே மார்ச் 5 அன்று மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. ஜெனரல் ஸ்டுவர்ட்டின் பம்பாய்ப் படை கண்ணனூரிலிருந்து குடகு வழியே ஏறியது. மார்ச் 6 அன்று குடகு எல்லையில் சித்தேசுவரத்தில் அதைத் தடுக்க முயன்று திப்பு தோற்றார். இரு படைகளும் 1792இல் கைமாறிய நிலத்தின் வழியாகவே வந்தன.

எல்லை வரையறையில் இருந்த குழப்பமும் பகையை வளர்த்தது. உடன்படிக்கையின் இணைப்புப் பட்டியலில் வயநாடு தெளிவாக இடம்பெறவில்லை. மலபாரோடு சேர்ந்தது என்று கம்பெனி உரிமை கொண்டாடியது. இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1798 ஆகஸ்டில் வெல்லெஸ்லியே வயநாடு திப்புவுக்கு உரியது என ஒப்புக்கொண்டார். அதே மாதத்தில்தான் அவர் திப்பு மீது உடனே போர்தொடுக்க வேண்டும் என வாதிடும் நீண்ட குறிப்பையும் எழுதினார்.

காப்புறுதி தளர்ந்த விதம்

1792இன் ஏற்பாடு மூவர் கூட்டணியைத் தூணாகக் கொண்டது. அந்தத் தூண் விரைவில் சாய்ந்தது. 1795 மார்ச்சில் கர்தா போர்க்களத்தில் மராத்தியர் நிசாமைத் தோற்கடித்தனர். தலைமை ஆளுநர் ஜான் ஷோர் தலையிட மறுத்தார். மனம் கசந்த நிசாம், ரேமோன் என்னும் பிரெஞ்சுக்காரர் நடத்திய படைப்பிரிவைப் பெருக்கினார். திப்புவைக் கூட்டாகக் கட்டுப்படுத்துவது என்ற ஏற்பாடு பெயரளவில் நின்றது. அமைதியைக் காக்கும் பொறுப்பு பலரிடம் இருந்தபோது போர் தொடங்கப் பலரின் இசைவு தேவைப்பட்டது. அது கம்பெனி என்னும் தனியொருவர் கைக்கு வந்ததும், எது மீறல், எது ஆபத்து என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கே போயிற்று.

வெல்லெஸ்லி 1798 மே மாதம் கல்கத்தாவில் பதவியேற்றார். சென்னையில் அவர் திட்டத்துக்கு எதிர்ப்பு இருந்தது. அரசுச் செயலர் ஜோசையா வெப், படை ஆயத்தமாக இல்லை என எழுதினார். வெல்லெஸ்லி பின்வாங்கவில்லை. செப்டம்பர் 1 அன்று நிசாமுடன் துணைப்படை உடன்பாடு செய்துகொண்டார். அக்டோபரில் ஐதராபாத்தின் பிரெஞ்சுப் பிரிவு கலைக்கப்பட்டது. நைல் நதி முகத்தில் நெப்போலியனின் கப்பற்படை அழிந்த செய்தி இந்தியாவை எட்டிய பின்னரும் போர் ஆயத்தம் நிற்கவில்லை. நவம்பரில் பேச்சுவார்த்தைக்குத் தூதராக அவர் முன்மொழிந்தவர் மேஜர் டவ்டன். 1794இல் பணயச் சிறுவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றவர் அவரே.

அடைபட்ட வாயில்

1799 ஏப்ரலில், முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, ஹாரிஸ் சமாதான விதிகளை அனுப்பினார். எஞ்சிய நாட்டில் பாதி, இரண்டு கோடி ரூபாய், நான்கு புதல்வர்கள், நான்கு தளபதிகள் என்பன அவர் கேட்டவை. இது 1792இன் வாய்பாடேதான். பணய எண்ணிக்கை மட்டும் கூடியது. திப்பு ஏற்கவில்லை. இம்மறுப்பை அகந்தை எனக் கூறிவிடுவது எளிது. முன்பு பாதி நாட்டைக் கொடுத்தும் பணத்தைக் கட்டியும் ஏழு ஆண்டுகளே அமைதி கிடைத்தது. மறுபாதியில் பாதியைக் கொடுத்தால் அது எத்தனை ஆண்டுக்குக் காக்கும் என்று எண்ண அவருக்குக் காரணம் இருந்தது. முதல் கடுஞ்சமாதானம் இரண்டாவதன் மீதான நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது.

மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு 1784 மங்களூர் உடன்படிக்கை. திப்புவும் கம்பெனியும் பிடித்த இடங்களைத் திருப்பித் தந்த மென்மையான சமாதானம் அது. ஆனாலும் ஆறு ஆண்டுகளில் போர் மூண்டது. எனவே கடுமை காரணமன்று எனலாம்.

கடுமை ஒன்றே போருக்குக் காரணம் என்பதன்று இங்குள்ள வாதம். இரு போர்களும் தொடங்கிய விதத்தில் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. 1790 போருக்குக் கம்பெனியின் நட்பு நாடு தாக்கப்பட வேண்டியிருந்தது. மூன்று அரசுகள் சேர வேண்டியிருந்தது. ஒரு முற்றுகை தோற்று, இரண்டு ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 1799 போருக்கு எவரும் தாக்கப்படவில்லை, ஐயமே போதுமானதாயிற்று. எல்லையைக் கடந்து இரண்டு மாதத்தில் அது முடிந்தது. மென்மையான சமாதானத்துக்குப் பின் போர் வரலாம். கடுஞ்சமாதானத்துக்குப் பின் அது மலிவாக வருகிறது.

ஐரோப்பிய ஒப்பீடு

கடுமையான எல்லாச் சமாதானங்களும் போரில் முடியவில்லை. 1815இன் பாரிஸ் உடன்படிக்கை பிரான்சிடம் 70 கோடி பிராங்க் கேட்டது. ஒன்றரை லட்சம் பேர் கொண்ட அந்நியப் படையை அங்கே நிறுத்தியது. ஆனால் பணம் கட்டும் வழி திறந்ததும், 1818இல் படை விலகியது. வல்லரசுகளின் அவையில் பிரான்சுக்கு இடமும் கிடைத்தது. விதிகளை நிறைவேற்றியவருக்குப் பலன் கிடைத்தது.

1919 வெர்சாய் உடன்படிக்கை மைசூருடன் பாதி ஒத்தும் பாதி மாறுபட்டும் நிற்கிறது. அங்கும் தோற்றவருக்கு மீட்சி வழி குறுகியது. காப்பாளர் கூட்டணியும் அமெரிக்க செனட்டின் மறுப்பால் தளர்ந்தது. ஆனால் ஜெர்மனியின் தொழில்வளமும் மக்கள்தொகையும் எஞ்சியிருந்தன. வென்றவர்கள் 1930இல் ரைன்லாந்தை விட்டு வெளியேறினர்; 1936இல் ஜெர்மனி அங்கே படையை நுழைத்தபோது தடுக்கவில்லை. எனவே மறுபோர் தோற்றவர் பக்கமிருந்து வந்தது. மைசூரில் காவல் நிலமும் கணவாய்களும் வென்றவர் கையிலேயே இருந்ததால் அது வென்றவர் பக்கமிருந்து வந்தது.

முடிவுரை

1792 உடன்படிக்கையிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. தோற்றவர் விதிகளைக் காப்பதால் அவருக்கு நன்மை விளையாதபோது, அவர் வெளித்துணை தேடுவதும், அத்தேடலே அவருக்கு எதிரான சான்றாவதும் நேர்கின்றன. பாதுகாப்புக்கென வென்றவர் பெறும் நிலம் அவருடைய அடுத்த போரின் செலவைக் குறைக்கிறது; பலர் சேர்ந்து தந்த காப்புறுதி சிதையும்போது அந்த வசதியைப் பயன்படுத்தத் தடையும் நீங்குகிறது. முதல் உடன்படிக்கையின் அனுபவம் பின்வரும் எந்த உடன்படிக்கையையும் நம்ப முடியாததாக்குகிறது. கடுமையின் அளவைக் காட்டிலும், கடுமைக்குப் பின் தோற்றவருக்கு வைக்கப்படும் வழியும் வென்றவர் மீது வைக்கப்படும் கட்டுப்பாடுமே ஒரு சமாதானத்தின் ஆயுளை முடிவுசெய்கின்றன.