வாடியா என்னும் பெயர்

குலப்பெயரை முன்னோர் வைத்துச் சென்ற சொத்தென்று நம்மவர் பலர் கருதுகின்றனர். சொத்தாயின் அதனை ஈட்டினவர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமன்றோ? இன்ன காலத்தில், இன்ன தொழிலால் ஈட்டினார் என்று ஐயமறக் கூறத்தக்க குடும்பங்கள் சிலவே. பம்பாய்ப் பார்ஸி வகுப்பினருள் வாடியா குடும்பம் அத்தகையது.

வாடியா என்னும் குஜராத்திச் சொல்லுக்குக் கப்பல் கட்டுவோன் என்பது பொருள். ஸூரத் நகரத்துக் கப்பல் தச்சராகிய லவ்ஜி நசர்வான்ஜி என்பார், கிழக்கிந்தியக் கம்பெனியாரால் அழைக்கப்பெற்று, 1736-ம் வருஷத்தில் தச்சர் சிலருடன் பம்பாய் போந்தார். நீரை வடித்துக் கப்பலின் அடிப்புறத்தைப் பழுது பார்த்தற்குரிய உலர்துறை 1750-ல் அங்கே அமைந்தது. தலைமைத் தச்சர் பதவி அதன்பின் நூறாண்டுக்கு மேல் இவர் வழியினரிடமே நின்றது.

ஜம்ஷெட்ஜி பொமன்ஜி காலத்தில் இக்கீர்த்தி உச்சம் எய்திற்று. 74 பீரங்கிகள் தாங்கும் 'மிண்டன்' என்னும் போர்க்கப்பல் 1810-ல் அவர் மேற்பார்வையில் நீரில் இறங்கியது. ஆங்கில நாட்டு ஓக் மரத்தினும் நமது மலையாளத் தேக்கு நெடுநாள் உழைக்குமென்பதை அந்நாட்டுக் கடற்படையார் கண்டுகொண்டனர். 1813-ல் இறக்கப்பட்ட 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மீதே, அபினிப் போரின் முடிவில், 1842-ல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கலம் சமைத்த உளிக்கும் அப்போருக்கும் தொடர்பில்லை என்று கூறிவிடலாம். ஆயினும் குடும்பப் பெருமை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

மரக்கலமே வாழ்வாயிருந்த அவ்வீட்டில் அர்தஷீர் கர்செட்ஜி என்பார் 1808-ல் பிறந்தார். இவர் மனம் சென்றது மரத்தின்பால் அன்று, நீராவியின்பால். 1834-ல் மஜகானிலுள்ள தமது மாளிகைக்கு வாயு விளக்கு அமைத்தார். பம்பாய்க் கவர்னரே அதனைக் காண வந்தார். 1839-ல் சீமைக்குச் சென்று இயந்திர சாஸ்திரம் பயின்றார். 1841-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டியார் இவரை அங்கத்தினராகத் தெரிந்தெடுத்தனர். இந்தியருள் அப்பெருமை பெற்ற முதல்வர் இவரே. இரண்டாமவர் நம் கணித மேதை ராமானுஜன். இடையே சென்ற வருஷங்கள் 77! கம்பெனியாரின் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்கு இவர் தலைமை இஞ்சினீயரானபோது ஐரோப்பியத் தொழிலாளரும் இவருக்குக் கீழ்ப்படிந்து நடக்க வேண்டியதாயிற்று. தம் பாட்டனார் உளிக்கு வேலையில்லாமற் செய்யப்போகும் வித்தையையே இவர் தேடிக் கற்றார் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகின்றது.

கப்பல் தொழில் மறைந்தது, பெயர் மறையவில்லை. நவ்ரோஸ்ஜி வாடியா 1879-ல் பம்பாய் டையிங் என்னும் நெசவுச் சாயத் தொழிலைத் தொடங்கினார். ஜே. பி. ஹெச். வாடியா 1933-ல் வாடியா மூவிடோன் என்னும் படக்கம்பெனியை ஏற்படுத்தினார். 1935-ல் வெளிவந்த அவர்களது 'ஹண்டர்வாலி' படத்தில், முகமூடியணிந்து சவுக்கேந்திய நாடியா என்னும் நடிகையைக் காண ஜனங்கள் திரண்டனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தொழிலால் வந்த பெயராதலின் வாடியா எனப்படுவோர் யாவரும் லவ்ஜியின் வழியினர் எனக் கொள்ளலாகாது. பூகர்ப்ப சாஸ்திரி டி. என். வாடியாவையும், 1918-ல் சென்னையில் மில் தொழிலாளருக்கென எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாவையும் ஆராயாது ஒரே வம்ச விருட்சத்தில் ஏற்றிவிடுவது எளிது. நம் சங்கத்தார் சிலர் வரையும் வம்சாவளிகளிலும் இவ்வெளிய வழி காணப்படுவது வருந்தத்தக்கது. பெயர் ஒன்றாயிருப்பதே உறவுக்குச் சாட்சியாகாது.

ஜம்ஷெட்ஜி கட்டிய கலமொன்று இன்றும் மிதக்கின்றது. 1817-ல் பம்பாயில் இறக்கப்பட்டு, ஈழத்துத் திருகோணமலையின் பெயரையே தாங்கிய 'டிரிங்கோமலி' அது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் அதனைப் பாதுகாத்து வருகின்றனர்.