பழைய இழைப்பு இயந்திரத்தை எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

பழைய இரும்பு இயந்திரங்களைக் காயலான் கடையிலிருந்து மீட்டுச் சீர்செய்பவர்களிடம் பரவலாக ஒரு கொள்கை உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இயந்திரம் எப்படி இருந்ததோ, அப்படியே அதை மீண்டும் நிறுத்த வேண்டும் என்பார்கள். பெயின்டின் நிறம் முதல் போல்ட்டின் மரை வரை அன்றைக்கு இருந்ததுதான் வேண்டும். கடைசல் இயந்திரத்துக்கும் துளையிடும் இயந்திரத்துக்கும் இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த, பலகையைக் கையால் தள்ளி இழைக்கும் பிளானருக்கு இந்தக் கொள்கை பொருந்தாது. அதன் வயிற்றில் சுழன்ற சதுர கட்டர் பிளாக்கை, அதாவது கத்திகள் பூட்டிய தலையை, மறுபடி ஓடவிடக் கூடாது. கை போய்விடும் என்பது ஒரு காரணம், அதுவே போதுமானதும்கூட. அதற்கு மேல், அந்த இயந்திரத்தின் சொந்த வரலாறே சதுரத் தலைக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

இழைப்புளியின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முதலில் முனைந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம். 1791-லும் 1793-லும் அவர் காப்புரிமைகள் பெற்றார். 1802-ல் ஜோசப் பிராமா உருவாக்கிய இழைப்பு இயந்திரம் ஊல்விச் ஆயுதசாலையில் நிறுவப்பட்டது. இவை அரசுப் பட்டறைகளுக்கு ஏற்ற பெரிய கருவிகள். ஊர் ஊராகப் பரவிய வகை அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் போகீப்சியைச் சேர்ந்த வில்லியம் உட்வொர்த்திடமிருந்து வந்தது. 1828 டிசம்பரில் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம், சுழலும் கத்திகளையும் பலகையை அழுத்தி உள்ளே இழுக்கும் உருளைகளையும் ஒன்றாகச் சேர்த்ததில் இருந்தது. 14 ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய உரிமை 1842-ல் ஏழு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் இன்னும் ஏழு ஆண்டுகள் கொடுத்தது. ஆக 1856 வரை அங்கே இயந்திரத்தில் தரைப்பலகை இழைத்தவர்கள் உரிமைக்காரர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஒரே காப்புரிமையை வைத்து 28 ஆண்டுகள் வசூல் என்றால் வழக்குகள் பெருகாமல் என்ன செய்யும்! நம் கேள்விக்குத் தேவையான செய்தி வேறு. உட்வொர்த் இயந்திரத்தில் பலகையை உள்ளே கொண்டுபோனவை உருளைகள். தொழிலாளியின் கைக்குக் கத்திக்குப் பக்கத்தில் வேலையே இல்லை. சிறு பட்டறைகளுக்கென்று, உருளைகளை விட்டுவிட்டு இரண்டு மேசைகளும் நடுவில் ஒரு கட்டர் பிளாக்குமாக மலிவான கைத்தள்ளு பிளானர்கள் வந்தபோதுதான் விரல்கள் கத்திக்கு மேலே வந்து சேர்ந்தன. தலை மட்டும் பழைய வடிவத்திலேயே இருந்துவிட்டது.

அந்தத் தலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நாலு பட்டையாகச் செதுக்கிய ஓர் இரும்புத் துண்டு; இரு முனைகளிலும் பேரிங்கில் உட்காரும் தண்டு. தடித்த கத்திகளைப் பட்டைகளின் மேல் வைத்துப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரம் என்று வைத்துக்கொள்வோம். சுழலும்போது அதன் மூலைகள் வரையும் வட்டத்தின் ஆரம் 7 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பட்டையின் நடுவோ மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 2 செ.மீ.க்கு மேல் பள்ளம். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் விநாடிக்கு 260 முறைக்கு மேல் மூலைகள் கடந்து போகும். கண்ணுக்கு அது வழவழப்பான உருளையாகத்தான் தெரியும். பலகை எகிறிக் கை கீழே விழுந்தால், விரல் பள்ளத்துக்குள் இறங்கும். அடுத்த மூலை அதை இன்னும் உள்ளே இழுக்கும். மேசைகளுக்கு நடுவே மூலைகள் சுழல இடம் வேண்டும் என்பதால் வாயும் அகலமாகவே இருந்தது. ஆகவே விரல் நுனியோடு நிற்க வேண்டிய காயம் உள்ளங்கை வரை போய்விடும்.

இதை வடிவமைத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சதுரத் துண்டைச் செய்வது எளிது. தட்டையான பக்கத்தில் எந்தக் கத்தியையும் பூட்டலாம். விளிம்பு அலங்காரத்துக்கான வளைவுக் கத்தியைக்கூட மாட்டலாம். அன்றைய எஃகு தடிமனாக இருந்தால்தான் தாங்கும். தடித்த கத்தியை இறுக்க அகன்ற பட்டை வேண்டும். அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் 1900 பாரிஸ் பொருட்காட்சியில் காட்டிய அதிவேக எஃகு, மெல்லிய கத்தியிலேயே நீடித்த கூர்மைக்கு வழி திறந்தது. மெல்லிய கத்தியை உருளையில் வெட்டிய காடிக்குள் ஆப்பு வைத்து இறுக்கலாம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டினால் போதும். பள்ளம் அடைபட்டது, மேசை வாயும் குறுகியது. ஜெர்மனியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உருளைத் தலை வேரூன்றி, விரைவில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. பிரிட்டன் 1922-ல் வகுத்த மரவேலை இயந்திர விதிகள், கையால் தள்ளி இழைக்கும் பிளானரில் உருளை வடிவக் கட்டர் பிளாக்கைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்றன. இந்தியாவில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளிலும் ஏறத்தாழ இதே வாசகம் இடம்பெற்றது. பழைய பேரிங்கிலேயே பொருந்தும்படி உருளைத் தலைகள் தனியாகச் செய்யப்பட்டன. முதலாளிகள் இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல் தலையை மட்டும் மாற்றினார்கள். ஆகவே 1890-ல் வார்த்த ஓர் உடலில் இன்று உருளைத் தலை இருந்தால், அதை ஒட்டுவேலை என்று ஒதுக்கக் கூடாது. அந்த இயந்திரம் பட்டறையில் தொடர்ந்து உழைத்ததற்கான சான்று அது. அதைக் கழற்றிச் சதுரத் தலையை மாட்டுவது, பல பதிற்றாண்டு உழைப்பை அழித்துவிட்டு முதல் சில ஆண்டுகளை மட்டும் வரலாறு என்று சொல்வதாகும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அனுபவமுள்ள தச்சருக்கு எந்தத் தலையும் ஒன்றுதான், கவனம் இருந்தால் போதும் என்பது ஒன்று. 1922 விதிகள் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்காக எழுதப்படவில்லை; நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்காக எழுதப்பட்டவை. மரத்துக்குள் முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது கவனத்துக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. சதுரத் தலையை ஒழித்தால் வருங்காலத்தினர் அதை எப்படி அறிவார்கள் என்பது இன்னொன்று. நியாயமான கேள்வி. ஒழிக்க வேண்டியதே இல்லை. துருவைத் துடைத்து, எண்ணெய் தடவி, கத்திகளைக் கழற்றி இயந்திரத்தின் பக்கத்திலேயே வைக்கலாம். நின்ற நிலையில்தான் அதன் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஓடும்போது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது மறுப்புக்குத்தான் வலு அதிகம். தலையை மாற்றலாம் என்றால் பேரிங்கையும் மாற்றிவிடலாமே, நவீன பால் பேரிங் போட்டால் தொல்லை ஒழிந்ததே என்பார்கள். கூடாது. இந்தப் பழைய பிளானர்களில் தண்டைத் தாங்கும் வெள்ளை உலோக பேரிங், ஐசக் பாபிட் 1839-ல் காப்புரிமை பெற்ற உத்தியில் வந்தது. நல்ல ரகத்தில் பெரும்பங்கு வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. தேய்ந்தால் அந்த இடத்திலேயே உருக்கி வார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, இருக்கையைச் சுத்தம் செய்து சூடாக்குவார்கள். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். தண்டில் உலோகம் ஒட்டாதிருக்க விளக்குப் புகையைக் காட்டிக் கரி படியவிட்டு, மேசைக்கு இணையாக நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைப்பார்கள். பைன் மரக்குச்சியை உலோகத்தில் விட்டால் அது கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது, அதுதான் பதம். பிறகு நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். ஆறியதும் தண்டில் நீலம் தடவிச் சுழற்றி, நீலம் பட்ட மேடுகளைச் சுரண்டிச் சுரண்டிச் சமன் செய்வார்கள். மலிவு ரகத்தில் ஈயம் இருக்கும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம். எண்ணெய் விட மறக்காதவர் கையில் இந்த பேரிங் பல பதிற்றாண்டு ஓடும். பால் பேரிங் பொருத்த வேண்டுமானால் பெரும்பாலும் வார்ப்பிரும்பு இருக்கையையே குடைந்தெடுக்க வேண்டியிருக்கும். குடைந்த இரும்பு திரும்பாது. உருளைத் தலையோ, எந்த இரும்பையும் வெட்டாமல் வந்து உட்கார்ந்து, வேண்டாமென்றால் எழுந்து போய்விடும். என் அளவுகோல் இதுதான்: யாரையும் காயப்படுத்தாத பழையது இருக்கட்டும், காயப்படுத்துவதை, திரும்ப மாற்ற முடிகிற வழியில் மாற்றலாம். தோல் பெல்ட்டும் கப்பியும் இருக்கட்டும், அவற்றைச் சுற்றி மூடி போட்டுக்கொள்ளலாம்.

உருளைத் தலையிலும் விரல் போகும் என்பது உண்மைதான். கத்தியின் மேல் பாலம் போலக் குறுக்கே நிற்கும் காப்புத் தகட்டையும் விதிகள் வலியுறுத்தியது அதனால்தான். அதையும் சேர்த்தே பொருத்த வேண்டும். பழைய மர அறுவை ஆலைகள் மூடும்போது இப்படிப்பட்ட பிளானர்கள் எடைக்கு விலைபோகின்றன. வாங்குபவர்கள் பெயின்டைச் சுரண்டுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு மேசைகளையும் விலக்கித் தலையைப் பாருங்கள். நாலு பட்டை தெரிந்தால், தண்டின் விட்டத்தையும் பேரிங்கின் நீளத்தையும் அளந்துகொண்டு, உருளைத் தலை செய்யத் தெரிந்த தேர்ந்த பட்டறையைத் தேடுங்கள். அது வந்து சேரும்வரை அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.