வாசலில் நிற்கும் வீரன்



நினைவுநாள் உரையில் மறைந்தவரின் பெருமையைச் சொல்லி அமர்வது வழக்கம். நாங்கள் இன்று ஒரு நாள் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். யாருடைய நினைவு எங்கே வைக்கப்படுகிறது என்ற கேள்வி அந்தப் பயணத்தில்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

குச்சனூரிலிருந்து விடியுமுன் வேனில் கிளம்பினோம். எங்கள் தெருப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த இரண்டு பெரியம்மாக்கள். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை.

முதலில் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டி முடிக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணச்சாந்துமாக 248 தூண்கள். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். சொர்க்கவிலாசம் நிற்கிறது, ரங்கவிலாசத்தின் மிச்சம் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் சந்தில் இருக்கிறது. தோட்டமும் குளமும் இருந்த இடங்களில் இப்போது தெருக்கள். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய பேரன் சொக்கநாதர் இங்கிருந்த வேலைப்பாடுகளைப் பெயர்த்துக் கொண்டுபோனார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்தார். பிறகு நெடுங்காலம் மாவட்ட நீதிமன்றம் இங்கே நடந்தது. இடித்தவரும் அரசர், நிமிர்த்தியதும் அரசு. அரண்மனையின் நினைவைக் காக்க எப்போதும் ஒரு கஜானா இருந்திருக்கிறது.

மதியம் வண்டியூர் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே 1645இல் தெப்பக்குளம் ஆனது என்பது மதுரையில் வழங்கும் செய்தி. படியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெரியம்மா குளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு மண்ணையும் தலச்சொமையாத்தானப்பா சொமந்திருப்பாக." காலையில் தூண்களை எண்ணிய எங்களுக்கு அந்தக் கணக்கு தோன்றவில்லை.

மாலையில் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரம். அங்கேதான் மதுரைவீரன் சன்னதி. அருந்ததியத் தம்பதியரிடம் வளர்ந்தவன். பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்தவன். திருமலை மன்னனிடம் சேர்ந்து மதுரையைக் கள்வர் தொல்லையிலிருந்து காத்தவன். அதே மன்னனின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இது கதைப்பாடல் சொல்வது, கல்வெட்டு அல்ல. ஆனால் மக்கள் எதை மறக்க மறுத்தார்கள் என்பதற்குக் கதைப்பாடல் சாட்சி. அவன் பிறப்பால் காசி அரசனின் மகன் என்றும் கதை சொல்கிறது. அது பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்று அருந்ததியர் தரப்பில் வாதிடுகிறார்கள். எங்கள் கருத்தும் அதுவே. சேரியில் பிறந்தவன் வீரனாக இருந்துவிடக் கூடாது என்ற பதற்றம் அதில் தெரிகிறது.

வீரன் தெய்வமானான், ஆனாலும் வாசலில்தான் நின்றான். அவனைக் கும்பிட்ட நம் மக்களுக்கும் அந்த வாசல்தான் எல்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்டோருடன் உள்ளே நுழைந்தபோதுதான் அந்த எல்லை உடைந்தது. மகால் எழுந்து 303 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இது பழங்கதை என்று யாரும் எழுந்து போய்விட முடியாது. வீரனும் பொம்மியும் செய்த குற்றம் சாதி தாண்டிப் பழகியது. 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டதற்கும் அதுவே காரணம். 2022 மார்ச்சில் இதே மதுரையில்தான் சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் ஆயுள் தண்டனை வழங்கியது. மாறுகால் மாறுகை வாங்கிய கதை நடந்த ஊரில், கொன்றவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் இருக்கிறது. அது அரண்மனை கொடுத்த கொடை அல்ல. அம்பேத்கரும் நம் மக்களும் போராடிப் பெற்றது.

இரவு திரும்பும்போது ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம ஊர் வீரன் பீடத்தை யாரு கட்டுனாங்க?" வேனில் இருந்த படித்தவர்கள் எவருக்கும் தெரியவில்லை. பெரியம்மா சொல்லத் தொடங்கினார். சின்னமனூர் தாண்டியும் முடியவில்லை. அதை எழுதிக்கொள்ள அன்று எங்களிடம் ஒரு நோட்டுக்கூட இல்லை.

மாணவ நண்பர்களே, அரண்மனையைப் பார்க்கப் போங்கள், தடையில்லை. போகும்போது உங்கள் தெருவின் மூத்தவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள். மறைந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.

ஜெய்பீம்.