விருந்தும் விலையும்

ஒரு பெருநகரத்தின் பிரசித்தமான உணவு விடுதியில், ஒரே இரவில், ஒரே சமையலறையிலிருந்து வந்த பதார்த்தங்களை உண்டு திரும்பிய இருவரில், ஒருவர் அதனைத் தேவலோகம் என்று புகழ்வதும் மற்றவர் பகற்கொள்ளை என்று பழிப்பதும் இன்று நேற்று ஏற்பட்ட விஷயமன்று. இந்த அபிப்பிராய பேதத்தை நாவின் ருசி பேதமென்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஐரோப்பாவில் இத்தகைய விடுதிகள் முதன்முதலாகத் தோன்றி வளர்ந்த பாரிஸ் நகரத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமானால், அதன் காரணம் நாவைக் காட்டிலும் ஆழமான ஓரிடத்தில் இருப்பது புலனாகும். வீட்டுக்குரியவர் தம் விருந்தினருக்குச் செய்யும் உபசாரத்தை, முன்பின் அறியாத ஒருவருக்கு விலைக்கு வழங்குவதென்று ஒரு தொழில் புறப்பட்ட அன்றே, அத்தொழிலின் புகழும் அதன்மேல் எழும் குறையும் சேர்ந்தே பிறந்துவிட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸுக்கு வந்து சேர்ந்த வெளியூர்வாசி, கையில் எவ்வளவு பொருள் வைத்திருந்தாலும், நல்ல உணவு கிடைக்காமல் திண்டாடவே நேர்ந்தது. கைதேர்ந்த சமையற்காரர்கள் பிரபுக்களின் மாளிகைகளில் ஊழியம் செய்தார்கள்; வெளியே சமைத்து விற்கும் உரிமையோ பரம்பரையாக வந்த தொழிற்குழுக்களின் கைக்குள் அடங்கியிருந்தது. விருந்துச் சமையல் செய்வோரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து முழுத் தொடையாகவோ முழுக் கோழியாகவோ வாங்கலாமேயன்றி, ஒருவர் வயிற்றுக்குப் போதுமான ஒரு துண்டைக் கேட்டுப் பெற இயலாது. எஞ்சியிருந்தது சத்திரங்களின் பொதுப்பந்தி ஒன்றுதான். குறித்த வேளையில், குறித்த விலைக்கு, ஒரே நீண்ட மேஜையைச் சுற்றி அமர்ந்து, வைத்ததை உண்டு எழவேண்டும். அக்காலத்துப் பாரிஸ் வாழ்க்கையை 1781 முதல் 1788 வரை பல தொகுதிகளாக எழுதி வெளியிட்ட லூயி செபஸ்தியென் மெர்ஸியே, இந்தப் பந்தியில் புதியவர் படும் பாட்டை மனம் நொந்து சொல்லியிருக்கிறார். நாள்தோறும் வந்து பழகியவர்கள், முக்கியமான பாத்திரங்கள் வந்து இறங்கும் நடுவிடத்தை முந்திப் பிடித்துக்கொண்டு, மற்றவர் கை நீளுமுன் எல்லாவற்றையும் காலிசெய்துவிடுவார்களாம். கொடுக்கும் விலை எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. கிடைக்கும் உணவு மட்டும் முகப்பழக்கத்தைப் பொறுத்திருந்தது.

இந்த அநீதிக்கு மாற்று எதிர்பாராத ஒரு வழியாக வந்தது. 1760-களின் மத்தியில் மத்தூரென் ரோஸ் த ஷாந்துவாஸோ என்பவர், உடல் நலிந்தோர்க்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றை விற்பதாக அறிவித்து ஒரு கடை திறந்தார். சாறு என்பது எந்நேரமும் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கக்கூடிய பண்டம். அதை நாடி வருவோரின் தேக நிலையோ ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே, வேண்டிய நேரத்தில் வந்து, தனி மேஜையில் அமர்ந்து, தமக்கு ஒத்துக்கொள்வதைத் தாமே கேட்டு, கேட்டதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம், வைத்தியத்தின் பேரால் உள்ளே நுழைந்து, நாளடைவில் ஆரோக்கியமுள்ளவர்களையும் பற்றிக்கொண்டது. அதே ரோஸ், நகரத்து வியாபாரிகளின் விலாசங்களைத் திரட்டி 1769-இல் ஒரு நூல் வெளியிட்டபோது, தம் தொழிலில் தாமே முதல்வர் என்று அதில் குறித்துக்கொண்டார். விடுதியைப் பற்றிய முதற் புகழுரை விடுதிக்காரரின் கையாலேயே அச்சேறியது.

உண்டவர் ஒருவரின் சாட்சியமும் நமக்கு உண்டு. அதைச் சொன்னவர் சாமானியருமல்லர். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரான தெனி திதரோ, 1767-இல் தம் தோழி சோஃபி வோலானுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய விடுதியில் தமக்கு ஏற்பட்ட பிரியத்தை மறைக்காமல் தெரிவிக்கிறார். நன்றாகப் பரிமாறுகிறார்கள் என்கிறார். விலை சற்று அதிகம் என்கிறார். ஆனால் நினைத்த நேரத்தில் உண்ண முடிகிறது என்றும், அழகியான விடுதித் தலைவி தாமாக வந்து பேச்சுக் கொடுத்துத் தொல்லை செய்வதில்லை என்றும் மனநிறைவோடு எழுதுகிறார். திருப்தியும் ஒரு சிறு மனக்குறையும் கலந்த இந்தக் கடிதத்தில், பின்வந்த தலைமுறைகள் சொல்லப்போகும் அத்தனை நிறைகுறைகளுக்கும் வித்து இருக்கிறது: உபசாரம், விலை, சுதந்திரம், தனிமை.

சாற்றுக்கடையாக இருந்ததை மாளிகைத் தரத்துக்கு உயர்த்தியவர் அந்துவான் போவிலியே. மன்னர் பதினாறாம் லூயியின் தம்பி ப்ரொவான்ஸ் பிரபுவின் இல்லத்தில் உணவுப் பொறுப்பை வகித்த இவர், 1782-ஆம் ஆண்டளவில் ரிஷலியூ வீதியில் 'லண்டன் பெருவிடுதி' என்ற பெயரில் தம் போஜன சாலையைத் திறந்தார். நேர்த்தியான கூடம், நன்றாக உடுத்திய பணியாளர், தேர்ந்தெடுத்த திராட்சை மது, உயர்ந்த சமையல் என்னும் நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தது முதன்முதலாக அங்கேதான் என்று, உணவின் தத்துவத்தை ஆராய்ந்து 1825-இன் இறுதியில் தம் நூலை வெளியிட்ட நீதிபதி பிரியா சவரென் எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓரிரு முறை வந்து போனவர்களைக்கூடப் போவிலியே அடையாளம் கண்டுகொள்வாராம்; செல்வந்தர் குழு ஒன்று வந்து அமர்ந்ததும் தாமே மேஜையருகில் நின்று, இன்ன பதார்த்தத்தைத் தவிர்க்கச் சொல்வார், இன்னதை விரைந்து கேட்கச் சொல்வார், ஒருவரும் நினையாத மூன்றாவது ஒன்றைத் தாமே வரவழைப்பார், தம் ஒருவரிடம் மட்டுமே சாவியுள்ள நிலவறையிலிருந்து மதுவும் தருவிப்பார். இவ்வளவு கனிவையும் கண்டவர்கள் நண்பர் ஒருவரின் வீட்டில் உண்பதாகவே எண்ணி மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்த இல்லத்தலைவர் வேடம் சற்று நேரமே நீடிக்கும். அவர் மறைந்தபின் கணக்குச் சீட்டு வரும். அதன் கனத்தைக் கண்டபோதுதான் விருந்தளிப்பவருக்கும் விடுதி நடத்துபவருக்கும் உள்ள பேதம் உண்டவர்களுக்கு உறைக்கும் என்று பிரியா சவரென் முடிக்கிறார்.

இத்தொழிலின் முழு நியாயமும் முழுச் சங்கடமும் அந்தச் சித்திரத்தில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். போவிலியே வஞ்சகர் அல்லர். அவருடைய கனிவும் பொய்யன்று. தம் கலையை நேசித்து, 1814-இல் சமையற் கலை பற்றிய பெருநூல் ஒன்றையும் எழுதிவைத்துவிட்டு, 1817-இல் மறைந்தவர் அவர். விருந்தளிப்பவரும் வணிகரும் ஒரே உடலில் குடியிருந்தபடியால், முன்னவரைக் கண்டவர் மனங்குளிர்ந்தும், பின்னவரைக் கண்டவர் மனம் புண்பட்டும் திரும்பினார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி இந்த நிலையைப் பன்மடங்கு பெருக்கிற்று. 1789-இல் கோந்தே இளவரசர் நாட்டைவிட்டு வெளியேறியதும், அவருடைய சமையற்காரரான மேயோ, 1791-இல் பலே ரொயால் பகுதியில் தம் சொந்த விடுதியைத் தொடங்கினார். அதே ஆண்டில் தொழிற்குழுக்களின் தனியுரிமைகள் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டன. தேசிய சபையின் பிரதிநிதிகளாக மாகாணங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவர்களுக்கோ வெளியில் உண்ணுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. மாளிகைக்குள் பிறப்புரிமையால் மட்டும் நுழைய முடிந்த ஒரு ரசனை, பணம் உள்ள எவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அக்கூடங்கள் எத்தகைய பொதுவிடங்களாகிவிட்டன என்பதற்கு 1793 ஜனவரி 20 சான்று: மன்னருக்கு மரண தண்டனை கோரி வாக்களித்த லெ பெலெத்தியே என்னும் பிரதிநிதி, பலே ரொயாலில் ஃபெவ்ரியே என்பவரின் உணவு விடுதியில், மன்னரின் முன்னாள் மெய்க்காவலர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார்.

கதவு திறந்ததேயன்றி, உள்ளே வந்தவர்களுக்கு வழிகாட்டுவார் இல்லை. பொதுப்பந்தியில் வைத்ததை உண்டவருக்கு இப்போது தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் போவிலியேயின் விடுதிக்கு வந்த ஆங்கிலேயப் பிரயாணி ஒருவர், உணவுப் பட்டியல் ஒரு செய்தித்தாள் அளவுக்கு விரிந்திருந்தது கண்டு பிரமித்து, சூப்பில் மட்டும் 13 வகை என்று எண்ணிக் குறித்திருக்கிறார். பட்டியலில் அச்சாகியிருப்பதெல்லாம் அன்று கிடைக்கும் என்பதுமில்லை. விலை எழுதப்பட்டிருப்பவை மட்டுமே உண்டு என்பதைப் பழகியவர் அறிவார், புதியவர் அறியார். 1814-க்குப் பின் சமாதானம் ஏற்பட்டு அந்நிய தேசத்தார் திரள்திரளாக வந்தபோது, சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள் மின்னும் அக்கூடங்களில், பெயர் புரியாத பதார்த்தங்களைச் சுட்டிக்காட்டி வரவழைத்து, வந்ததைக் கண்டு திகைத்தவர்கள் பலர். பந்தியிலே கையின் வேகத்தால் புதியவரை வென்ற பழக்கசாலி, இங்கே பட்டியலைப் படிக்கும் வித்தையால் மீண்டும் அவரை வென்றார்.

இந்தத் தோல்வியின் வேதனையைப் பால்ஸாக் தம் 'சிதைந்த கனவுகள்' நாவலில் அழியாத சித்திரமாக்கியிருக்கிறார். அங்கூலேம் என்னும் மாகாண நகரத்திலிருந்து வந்த இளங்கவி லூசியென், தலைநகரின் இன்பங்களில் தனக்கும் பங்குண்டு என்ற ஆசையால், பலே ரொயாலில் புகழ்பெற்றிருந்த வேரி விடுதிக்குள் நுழைகிறான். ஒரு புட்டி போர்தோ மது, ஓஸ்தெந்தின் சிப்பிகள், மீன், கவுதாரி, பழம் என்று ஆனந்தமாக உண்கிறான். பின்னர் கணக்கு வருகிறது, 50 ஃபிராங்க். ஊரிலே ஒரு மாதம் வாழப் போதுமான தொகை அது. அன்றோடு அந்தக் கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மாணவர் பகுதியில் ரொட்டி வேண்டிய மட்டும் கிடைக்கும் ஃபிளிக்கொத்தோவின் எளிய விடுதியை அவன் நாடுகிறான். வேரியில் சமையல் கெட்டிருந்ததாகப் பால்ஸாக் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த இளைஞனைச் சுட்டது உணவன்று. தான் இந்த இடத்துக்கு உரியவனல்லன் என்பதை ஒரு காகிதத் துண்டு தெரிவித்த விதமே.

வழிகாட்டும் பணியை முதலில் மேற்கொண்டவர், பெருஞ்செல்வரான வரிக் குத்தகைதாரர் ஒருவரின் மகனாக 1758-இல் பிறந்த கிரிமோ த லா ரெய்னியேர். பிறவியிலேயே கைகள் ஊனமுற்று, செயற்கை விரல்களைக் கொண்டு எழுதவும் உண்ணவும் பழகிய இந்த வழக்கறிஞர், புரட்சியினால் திடீரென்று செல்வம் பெற்றவர்களிடம் பணம் இருந்தும் ரசனையின் பயிற்சி இல்லாததைக் கண்டு, 1803-இல் 'உணவுப் பிரியர் ஆண்டுமலர்' என்ற நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். 1812 வரை எட்டுத் தொகுதிகள் வந்தன. நகரத்துக் கடைகளையும் விடுதிகளையும் வீதிவீதியாகச் சென்று பார்த்து, பெயர் சொல்லிப் புகழவும் பெயர் சொல்லி இகழவும் துணிந்த அவர், ருசி பார்க்கும் நடுவர் குழு ஒன்றையும் கூட்டி, வியாபாரிகள் அனுப்பிய பண்டங்களுக்குத் தீர்ப்பு வழங்கலானார். விரைவிலேயே பாரபட்சம் என்ற பழி எழுந்தது. பழியில் உண்மை எவ்வளவாயினும், அந்த ஏற்பாட்டிலேயே ஒரு குறை இருந்தது: நடுவருக்கென்று விசேஷமாகத் தயாரித்து அனுப்பிய பண்டம், பெயரற்ற ஒருவர் மழையில் நனைந்து வந்து தனியே அமர்ந்து கேட்கும்போது கிடைக்கும் பண்டத்துக்குச் சாட்சியாகாது. பிரபலமானவர் உண்டு எழுதும் புகழுரை எவ்வளவு நேர்மையானதாயினும், பிரபலமற்றவரின் அனுபவத்தை அது சொல்லிவிட முடியாது.

அக்குறையை உணர்ந்து மாற்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. மோட்டார் வண்டிகளுக்கு டயர் செய்து விற்ற மிஷெலென் நிறுவனம், பிரயாணிகளுக்காக 1900-இல் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டிப் புத்தகத்தில், 1926 முதல் சிறந்த உணவு விடுதிகளுக்கு நட்சத்திரம் இடலாயிற்று. 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற தரவரிசை ஏற்பட்டது. அப்புத்தகத்தின் செல்வாக்குக்கு ஆதாரம் அதன் பரிசோதகர்கள் கடைப்பிடித்த முறையில் இருக்கிறது. தாம் இன்னாரென்று சொல்லாமல் வந்து, பிறரைப் போலவே உண்டு, பிறரைப் போலவே பணம் செலுத்திச் செல்வது அவர்களுடைய விரதம். அறியாதவராக இருந்து உண்பதே ஒரு விடுதியை அறிந்துகொள்ளும் வழி என்ற கொள்கை, மெர்ஸியே பந்தியில் கண்ட அநீதிக்கும் திதரோ கண்ட சுதந்திரத்துக்கும் இடையே கிடந்த உண்மையை ஒருவாறு நிலைநாட்டிவிட்டது.

இன்றைக்கும் பெருநகர விடுதிகளைப் பற்றி எழும் குறைகளை ஊன்றிக் கவனித்தால், உப்பும் காரமும் பற்றிய புகார் சிறுபான்மையாகவே இருக்கக் காணலாம். முன் பதிவு செய்தும் நிற்கவைத்தார்கள், தெரிந்தவருக்கு ஜன்னலோரமும் தெரியாதவருக்குச் சமையலறை வாசலும் தந்தார்கள், விலை சொல்லாத ஒன்றைத் தாமே கொண்டுவந்து வைத்துக் கணக்கில் சேர்த்தார்கள் என்பனவே மனிதர்களை நெடுநாள் உறுத்துகின்றன. இவற்றை அற்பக் குறைகள் என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பழகியவருக்கு நடுவிடமும் புதியவருக்கு ஓரமும் என்றிருந்த பந்தியை ஒழித்து, யார் வந்தாலும் அவருக்கென்று ஒரு மேஜை, அவர் கேட்டதற்கு ஒரு விலை என்று வாக்களித்தே இத்தொழில் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது. ஆதலால் விலை உயர்வாக இருப்பது குற்றமன்று; அதை முன்னரே தெரிவிக்காமலிருப்பது குற்றம். போவிலியேயைப் போல மேஜையருகில் நின்று கனிவாகப் பேசுவது வேண்டத்தக்கதே; அந்தக் கனிவு செல்வந்தர் குழுவோடு நின்றுவிடாமல் லூசியெனைப் போன்ற இளைஞனிடமும் சென்று, தம்பி, இது உன் கைப்பணத்துக்கு மிஞ்சும், இதோ இது போதும் என்று சொல்லுமானால், அந்த விடுதி விருந்தும் அளித்ததாகும், வியாபாரமும் செய்ததாகும். ஒரு விடுதியின் பெருமையை மதிப்பிட விரும்புவோர், அங்கே பெரிய மனிதர் எவ்வாறு உபசரிக்கப்பட்டார் என்று கேட்பதை விட்டு, முதன்முறையாகத் தயங்கி உள்ளே வந்தவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்று கேட்கவேண்டும்.