கல்வெட்டும் கதையும் திரையும்
(பொன்னியின் செல்வனும் ஈழநாடும்)

தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் பயின்ற வரலாற்று நாவல்களுள் கல்கி இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’ தலையாய இடத்தைப் பெறுவதாகும். 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி, மூன்றரை ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து, 1954ஆம் ஆண்டில் நிறைவுற்ற இந்நாவல், ‘புது வெள்ளம்’ முதலாகத் ‘தியாக சிகரம்’ ஈறாக ஐந்து பாகங்களையுடையது. அது நிறைவெய்திய ஆண்டின் டிசம்பர் மாதத்திலே ஆசிரியரும் இவ்வுலக வாழ்வை நீத்தார். இதழின் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்துக் கட்டி வைத்துத் தந்தையிடமிருந்து மைந்தன் வாங்கிப் படித்த வழக்கம் தமிழகத்திற் போலவே ஈழத்திலும் நிலவியது. அந்நாவல் எழுபது ஆண்டுகளின் பின்னர்த் திரைப்படமாக வந்தபொழுது, கதை எது, வரலாறு எது என்னும் வினா மீண்டும் எழுந்தது. அவ்வினாவை ஈழநாட்டோடு இயைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கியின் கதைகள் திரைக்கு வருதல் புதியதன்று. ‘தியாக பூமி’ 1939ஆம் ஆண்டிலேயே கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் வெளிவந்து, பின்னர் ஆங்கில அரசினால் தடைசெய்யப்பட்டது. ‘கள்வனின் காதலி’ 1955இலும், ‘பார்த்திபன் கனவு’ 1960இலும் படமாயின. பொன்னியின் செல்வனைப் படமாக்க எம். ஜி. ராமச்சந்திரன் 1958ஆம் ஆண்டளவில் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. இறுதியில் மணிரத்தினத்தின் இயக்கத்தில் முதற்பாகம் 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாளிலும், இரண்டாம் பாகம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாளிலும் வெளியாயின. ஈராயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட நாவல் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரக் காட்சியாகச் சுருங்கிற்று.

முதற்பாகம் வெளிவந்த காலம் இலங்கை பெரும் பொருளாதார நெருக்கடியில் அழுந்திக் கிடந்த காலமாகும். மோட்டார்ச் சைக்கிளொன்றுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்ற பங்கீட்டு முறை அப்பொழுது நடைமுறையிலிருந்தது. பூநகரிப் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற குடியேற்றக் கிராமத்தவர் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று படம் பார்ப்பதெனின், அந்நான்கு லீற்றரில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடையூறுகளுக்கிடையிலும் அக்கதையைத் திரையிற் காணும் ஆவல் வன்னியிற் குன்றவில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீட்டையும் உடைமையையும் இழந்தோர் நூல்களையும் இழந்தனர். கட்டி வைத்த பழைய பாகங்கள் பல அவ்வழியே அழிந்தன. ஆதலின், இளைய தலைமுறையினர் பலருக்குத் திரைப்படமே இக்கதையின் முதல் அறிமுகமாயிற்று. வரலாறு கற்பிப்போர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி இதுவேயாம்.

வன்னி வாசகர்க்கு இந்நாவலில் தனியான ஈடுபாடு உண்டாதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து ஈழத்திற்கு வருகின்றது. மாதோட்டம், அனுராதபுரம், தம்புள்ளை என்னும் ஊர்கள் கதையின் களங்களாகின்றன. மாதோட்டமோ திருக்கேதீச்சரத் தலத்தை அடுத்துள்ள பழைய துறைமுகம். பூநகரியிலிருந்து மன்னார் வீதி வழியே தெற்கே செல்வோர் அடையக் கூடியது. கல்கி இலங்கைக்கு வந்து இடங்களை நேரிற் கண்டு எழுதியமையால் அவ்வருணனைகள் உயிர்பெற்று விளங்குகின்றன. திரைப்படத்திலோ ஈழத்துக் கானகக் காட்சிகளுக்குத் தாய்லாந்து நிலமே பயன்பட்டது. பாலைக்கும் வீரைக்கும் பழகிய கண்கள் அக்காட்டைத் தம் காடென்று கொள்ளவில்லையாயின், அதில் வியப்பில்லை.

இனிக் கதைக்கு ஆதாரமான சாசனங்களை நோக்குவாம். அருள்மொழிவர்மன் என்னும் பெயரையும், குடிகள் வேண்டியும் சிறிய தந்தை அரசாள விரும்பியமையால் அவன் அரசை விரும்பாதிருந்தான் என்னும் செய்தியையும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் தருகின்றன. அமைச்சர் அநிருத்தரை அன்பிற் செப்பேடுகளால் அறிகின்றோம். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக் காட்டும். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு உரைக்கின்றது. இச்சில எலும்புகளின் மீதே கல்கி தசையும் குருதியும் சேர்த்துக் கதையை எழுப்பினார். நந்தினியும், பூங்குழலியும், மந்தாகினியும் சாசனங்களில் இல்லை. அவர்கள் ஆசிரியரின் கற்பனைச் செல்வங்கள்.

ஈண்டு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. நாவலில் செம்பியன் மாதேவியின் மெய்ம்மகன் சேந்தன் அமுதனே என்பதும், மதுராந்தகன் வளர்ப்பு மகனே என்பதும் இறுதியில் வெளிப்பட, அமுதனே உத்தம சோழனாக முடிசூடுகின்றான். திரைப்படமோ அத்திருப்பத்தை நீக்கி, மதுராந்தகனையே அரசனாக்குகின்றது. நாவலைக் காதலித்தோர் இதனைக் குறையென வருந்தினர். மணிமேகலை என்னும் பாத்திரம் முற்றாக விடுபட்டதையும் அவ்வாறே எண்ணினர். வருத்தம் நியாயமே. எனினும், கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகனே உத்தம சோழன் என்பது வரலாறாகலின், அவ்வோரிடத்தில் திரைப்படம் நாவலைவிட வரலாற்றை அண்மி நிற்கின்றது. நாவலினின்று விலகியதெல்லாம் வரலாற்றினின்று விலகியதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈழத்தைப் பொறுத்தவரை நாவலுக்கும் வரலாற்றுக்கும் உள்ள இடைவெளி இன்னும் ஆழமானது. கல்கியின் அருள்மொழி போரிற் சிதைந்த விகாரைகளைச் செப்பனிடுகின்றான். பிக்குகள் அளிக்க முன்வந்த இலங்கை முடியை மறுக்கின்றான். தன் படைக்கு வேண்டிய உணவு சோழநாட்டிலிருந்தே வரல் வேண்டும், இந்நாட்டுக் குடிகளின் உணவைப் பறித்தலாகாது என்கின்றான். 1990ஆம் ஆண்டு முதலாகப் பொருளாதாரத் தடையையும், 2009ஆம் ஆண்டில் உணவுக் கப்பலை எதிர்நோக்கிக் கடற்கரையிற் காத்திருந்த நாட்களையும் அறிந்த மக்கள் அப்பகுதியை வெறுங்கதையாகப் படித்தல் இயலாது. போரிலும் அறம் தவறாத ஒருவன் இருந்தான் என்று நம்ப உள்ளம் விழைகின்றது.

ஆயின், வரலாறு வேறு விதமாகப் பேசுகின்றது. சுந்தர சோழன் காலத்து ஈழப் படையெடுப்பிற் கொடும்பாளூர்ச் சிறிய வேளான் போரில் மாண்டான். வெற்றி நான்காம் மகிந்தனுக்கே என்று சூளவம்சம் கூறும். நாவல் நிகழும் காலத்தின் பின்னர், 985ஆம் ஆண்டில் முடிசூடிய இராஜராஜனின் படைகள் ஈழத்தின் வடபகுதியைக் கைப்பற்றின. அனுராதபுரம் அழிவெய்தியது, பொலன்னறுவை சனநாதமங்கலம் என்னும் பெயருடன் சோழர் தலைநகராயிற்று. ஐந்தாம் மகிந்தன் தனது 36ஆம் ஆட்சியாண்டில், இராஜேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவிற் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டுப் பொற்படிமங்கள் கவரப்பட்டன என்று சூளவம்சம் முறையிடுகின்றது. ஈழத்து ஊர்கள் சில தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் செலுத்தவேண்டும் என இராஜராஜனின் 29ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. மாதோட்டத்திலே தாழிகுமரன் என்பான் இராஜராஜேச்சரம் என்னும் சிவாலயத்தை எடுப்பித்த செய்தியும் கல்லிலேயே உள்ளது. கோயில் எழுந்ததும் உண்மை. விகாரை அழிந்ததும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றையதை மறைத்தல் வரலாற்றாசிரியனின் தொழிலாகாது.

கல்கியை இதன் பொருட்டுக் குறைகூறல் தகாது. அவர் தம் கதையை முடிசூட்டைத் துறந்த இடத்திலே நிறுத்திக்கொண்டார்; படையெடுப்பைப் பாடுதல் அவர் கருத்தன்று. தியாகத்தைப் பாடுதலே அவர் கருத்து. குறை, நாவலை வரலாற்று நூலாகக் கொள்ளும் வாசகரிடத்தே உள்ளது. இப்பொழுது திரைப்படத்தையே வரலாறாகக் கொள்ளும் புதிய தலைமுறை தோன்றியிருக்கின்றது. ஏட்டிற் படித்தவற்றை ஐயுறுவோரும் கண்ணாற் கண்டதை ஐயுறார். ஆதலின் திரையின் ஆற்றல் பெரிது, அதனால் விளையும் மயக்கமும் பெரிது.

மற்றொன்றும் கருதற்பாலது. ஈழத்தை அண்டிய தீவொன்றிற் சுந்தர சோழன் கண்டு காதலித்த மந்தாகினி வாய்பேசா மங்கை. இளவரசனைப் பன்முறை காத்தும், தன் கதையைத் தானே சொல்லும் ஆற்றல் அவளுக்கு இல்லை. திரையில் ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் இரட்டை வேடம் தாங்கி அத்துயரைக் கண்களாலேயே காட்டினார். இந்நாவலில் ஈழக் கரையின் சார்பில் நிற்கும் தலையாய பாத்திரம் ஊமையாய் அமைந்தமை தற்செயலாகலாம். ஆயினும் சோழர் சாசனமும் சிங்கள வரலாற்றேடும் அரசர்களின் வெற்றியையும் விகாரைகளின் இழப்பையும் கூறுவனவேயன்றி, மாதோட்டத்திலும் அதன் வடக்கேயுள்ள காடுகளிலும் உழுதுண்டு வாழ்ந்த குடிகள் அப்போர்களில் என்ன பாடுபட்டனர் என்று கூறுவனவல்ல. அக்குடிகளின் குரல் இருதிறத்து ஆவணங்களிலும் மந்தாகினியின் குரலைப் போன்றதே.

ஆகவே மாணாக்கர் படத்தைக் காணட்டும், கண்டு மகிழட்டும். பின்னர் நூலகத்திலிருந்து ஐந்து பாகங்களையும் பெற்றுப் படிக்கட்டும். அவ்விரண்டிற்கும் பக்கத்தில் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும், உடையார்குடிக் கல்வெட்டையும், சூளவம்சத்தின் உரிய அதிகாரங்களையும் ஆசிரியர்கள் வகுப்பறையில் விரித்து வைத்தல் வேண்டும். எது கல்லிலுள்ளது, எது கவிஞனின் உள்ளத்திலுள்ளது, எது இயக்குநரின் திரையிலுள்ளது என மூன்றையும் வேறுபடுத்திக் காணக் கற்ற மாணவன், நாளை தன் காலத்துப் போரைப் பற்றி எழுதப்படும் நூல்களையும் எடுக்கப்படும் படங்களையும் அதே கண்கொண்டு நோக்குவான். அப்பயிற்சி ஏனையோரினும் வன்னி மாணாக்கர்க்கே மிகவும் வேண்டப்படுவதாகும். அவர்தம் பெற்றோர் கண்ட போரைப் பற்றிய கதைகள் இப்பொழுதுதான் எழுதப்பட்டு வருகின்றன.